வரிசை எண் அடையாளம் ஆகாது

நெட்வொர்க் கார்டுக்கு ஈத்0 என்று பெயர் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதை ஈஎன்பி2எஸ்0 என்று மாற்றியது வீண் தொல்லை. லினக்ஸ் சர்வர் பராமரிப்பவர்களில் பெரும்பாலோரின் கருத்து இது. பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறார்கள், செய்முறை வீடியோக்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். இயங்குதளத்தை நிறுவியதும் பூட் வரியில் நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 என்று சேர்த்துவிடு, பழைய பெயர் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள். ஏன் என்று கேட்காமலே செய்கிற சடங்காக இது ஆகிவிட்டது. இந்தக் கருத்து தவறு, ஆபத்தானதும் கூட. நெட்வொர்க் கார்டோடு அது நிற்பதில்லை. டிஸ்க், யூஎஸ்பி, ஜிபியு என்று மெஷினோடு இணைந்த எதையும் எப்படிச் சுட்ட வேண்டும் என்ற நம் பழக்கத்தையே கெடுத்துவைத்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு மெஷினில் பெரும்பாலும் ஒரே கார்டுதான், அதற்கு ஈத்0 என்ற பெயர் எங்கும் பொருந்தும், ஒரே ஸ்கிரிப்டை நூறு மெஷினில் ஓட்டலாம் என்கிறார்கள். புதிய பெயர் மெஷினுக்கு மெஷின் வேறு, நீளமும் அதிகம், நினைவில் நிற்காது என்கிறார்கள். நிலையான பெயர் என்று சொல்லிக் கொண்டுவந்ததும் நிலையாக இல்லை, ஒரு எஸ்எஸ்டியைச் செருகினால் ஈஎன்பி2எஸ்0 போய் ஈஎன்பி3எஸ்0 வந்துவிடுகிறது என்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தது, புதிய பெயர்களைக் கொண்டுவந்த சிஸ்டம்டி என்று முடிக்கிறார்கள். இவற்றில் எஸ்எஸ்டி பற்றிய புகார் முழு உண்மை. ஒரே ஸ்கிரிப்ட் பற்றியது பாதி உண்மை. மற்றவை நிற்காது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஈத்0 என்பதில் உள்ள 0 எங்கிருந்து வந்தது? அது கார்டில் பதிந்திருக்கவில்லை, ஸ்லாட்டிலும் பதிந்திருக்கவில்லை. டிரைவர் ஒரு ஈதர்நெட் கார்டைக் கண்டு, தயார்செய்து, கெர்னலிடம் பதிவு செய்யும்போது, அந்த நேரத்தில் யாருக்கும் போகாமல் இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கெர்னல் எடுத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. முதலில் வந்தவருக்கு 1. அவர் யார் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது, நாளைக்கு அதே டோக்கன் இன்னொருவர் கையில் இருக்கும்.

ஒரு காலத்தில் எண்ணுக்கு உண்மையிலேயே பிடிமானம் இருந்தது. ஐஎஸ்ஏ கார்டுகளில் முகவரியையும் இன்டர்ரப்ட் எண்ணையும் ஜம்பர் வைத்து மனிதர்தான் தீர்மானித்தார். காம்1 என்றால் 3எஃப்8 என்ற முகவரி, 4 என்ற இன்டர்ரப்ட். பிசி உலகம் முழுக்க அதுதான் வழக்கம். 1992-இல் பிசிஐ வந்ததும் ஜம்பர் போய்விட்டது. மெஷின் தானே தேடி, தானே கண்டுபிடித்து, தானே எண் போட ஆரம்பித்தது. கண்டுபிடிக்கும் வரிசை மாறாதவரை எண்ணும் மாறவில்லை. டிரைவர்கள் கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிய நாட்களில் அந்த வரிசை ஓரளவு நிலையாகவே இருந்தது.

2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலும், சாதனங்களுக்குப் பெயர் கொடுக்க அதையொட்டி வந்த யூடெவும் இந்த நிலைமையை மாற்றின. சாதனம் கண்ணில் படப்பட, அதற்குரிய டிரைவர் மாட்யூல் தனித்தனியாக ஏற்றப்பட்டது. பூட் நேரத்தைக் குறைப்பதற்காகப் பல வேலைகள் இணையாக நடந்தன. ஒரு இன்டெல் கார்டும் ஒரு ரியல்டெக் கார்டும் இருந்தால், எந்த டிரைவர் முதலில் வேலையை முடித்ததோ அதன் கார்டு ஈத்0. அடுத்த முறை பூட் ஆகும்போது மற்றது முந்தலாம். வரிசை மாறாது என்று கெர்னல் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஒரே டிரைவரில் ஓடும் இரண்டு கார்டுகள் மட்டும் பெரும்பாலும் பஸ் வரிசையிலேயே வந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட மெஷின்களை மட்டுமே பார்த்தவர்கள் இந்தக் கோளாறைச் சந்திக்கவே இல்லை. பழைய முறை நம்பகமானது என்ற நினைப்பு பிறந்த இடம் இதுதான்.

2. “போகட்டும், புதிய பெயரில் உள்ள பஸ் எண்ணாவது வன்பொருளில் பதிந்ததுதானே?” இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய பெயர்களை ஆதரிப்பவர்களிலும் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் 02:00.0 என்பதுபோல ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி வரும். முதல் பகுதி பஸ், அடுத்தது சாதனம், கடைசியில் ஃபங்ஷன். பஸ்ஸுக்கு 8 பிட், சாதனத்துக்கு 5 பிட், ஃபங்ஷனுக்கு 3 பிட். ஆக ஒரு பிரிவில் 256 பஸ், ஒரு பஸ்ஸில் 32 சாதனம், ஒரு சாதனத்தில் 8 ஃபங்ஷன் வரை இருக்கலாம். சாதன எண் மதர்போர்டின் அமைப்பிலிருந்து வருகிறது. ஃபங்ஷன் எண் சிப்பிலேயே இருக்கிறது. பஸ் எண் மட்டும் அப்படி இல்லை. பவர் கொடுத்த பிறகு எண்ணிப் போடுவது அது.

எண்ணுவது இப்படி. பயாஸ் 0 என்ற பஸ்ஸில் தொடங்கி ஒவ்வொரு இடத்திலும் “தயாரிப்பாளர் எண் என்ன?” என்று கேட்கிறது. அங்கே யாரும் இல்லையென்றால் 16 பிட்டும் 1 ஆகத் திரும்பும். இருந்தால் அந்த நிறுவனத்தின் எண் வரும். இன்டெல்லுக்கு 8086, ரியல்டெக்குக்கு ஹெக்ஸில் 10இசி. பதில் சொன்னது ஒரு பிரிட்ஜ் என்றால், அதற்கு அப்பால் இன்னொரு பஸ் இருக்கிறது என்று பொருள். அடுத்த காலியான எண்ணை அந்தப் பஸ்ஸுக்குக் கொடுத்து, உள்ளே இறங்கி, அங்கே இருப்பதையெல்லாம் எண்ணி முடித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. பிரிட்ஜின் பதிவேடுகளில் மூன்று எண்கள் எழுதப்படுகின்றன: தனக்கு மேலே உள்ள பஸ், தனக்கு நேர் கீழே உள்ள பஸ், தன் கிளையில் உள்ள கடைசி பஸ். மின்சாரம் நின்றால் மூன்றும் அழிந்துவிடும்.

இப்போது ஒரு சாதாரண மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். முதல் பிரிட்ஜின் கீழே கிராஃபிக்ஸ் கார்டு, அது பஸ் 1. இரண்டாவது பிரிட்ஜின் ஸ்லாட் காலி. அந்த பிரிட்ஜையே பயாஸ் மறைத்துவிட்டது, பல மதர்போர்டுகள் அப்படிச் செய்யும். மூன்றாவதின் கீழே நெட்வொர்க் சிப், அது பஸ் 2. பஸ் 2, சாதனம் 0, ஆகவே பெயர் ஈஎன்பி2எஸ்0. காலி ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியைச் செருகுங்கள். மறைந்திருந்த பிரிட்ஜ் வெளியே வரும், எஸ்எஸ்டி பஸ் 2 ஆகும், நெட்வொர்க் சிப் பஸ் 3 ஆகும். சிப் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. பெயர் மட்டும் ஈஎன்பி3எஸ்0.

எதிர்த்தரப்பு இதைத்தான் தங்கள் வெற்றியாகக் காட்டுகிறது. ஆனால் இந்தக் கோளாறின் காரணம் என்ன? எண்ணிப் போட்ட ஒரு எண் பெயருக்குள் புகுந்துகொண்டதுதான். ஈத்0-இல் முழுக்க முழுக்க இருக்கும் நோய், ஈஎன்பி2எஸ்0-இல் மிச்சம் இருக்கிறது. இதற்காகப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

3. பெயர் காணாமல் போவதும், பெயர் ஆள் மாறுவதும் ஒன்றா? இரண்டையும் “பெயர் மாறிவிட்டது” என்று ஒரே புகாராகப் பேசுகிறார்கள். விளைவுகள் அடியோடு வேறு.

ஒரு ஃபயர்வால் மெஷினை நினைத்துப் பாருங்கள். ஈத்0 இணையப் பக்கம், ஈத்1 அலுவலக உள் பக்கம். உள்ளே இருந்து வருவதை நம்பு, வெளியே இருந்து வருவதைத் தடு என்பது விதி. இரவில் மின்தடை, மெஷின் திரும்ப எழுகிறது, இரண்டு டிரைவர்களின் ஓட்டத்தில் இந்த முறை மற்றது முந்திவிட்டது. ஈத்0 என்ற பெயர் இருக்கிறது, ஈத்1 என்ற பெயரும் இருக்கிறது. கான்ஃபிக் பிழையில்லாமல் ஏறுகிறது, லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. உள் கேபிளுக்கு எழுதிய நம்பிக்கை விதி இப்போது இணையக் கேபிளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நெட்வொர்க் முடங்கியிருந்தால் யாராவது வந்து பார்த்திருப்பார்கள். முகவரிகளும் தவறாக இருப்பதால் பெரும்பாலும் முடங்கத்தான் செய்யும். ஆனால் டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கும் அமைப்பில் அந்தத் தடையும் இல்லை.

ஈஎன்பி2எஸ்0 என்பது ஈஎன்பி3எஸ்0 ஆகும்போது என்ன நடக்கிறது? கான்ஃபிக் சொல்லும் பெயரில் கார்டே இல்லை. விதி யாருக்கும் பொருந்தாது, நெட்வொர்க் எழும்பாது, உடனே தெரிந்துவிடும். நேரம் வீணாகும், எரிச்சல் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறான கார்டுக்குச் சரியான விதி போவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாற்றம் யாராவது மெஷினைத் திறந்து ஒரு கார்டைச் செருகினால் அல்லது பயாஸில் கைவைத்தால்தான் நடக்கும். ஒவ்வொரு பூட்டிலும் அதிர்ஷ்டத்தைப் பார்த்து நடப்பதில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே காலி ஸ்லாட்டில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகினால், புதிய கார்டு ஈஎன்பி2எஸ்0 என்ற பெயரை எடுத்துக்கொண்டு பழையதை 3-க்குத் தள்ளிவிடும். அங்கே ஆள்மாறாட்டம் உண்டு. சிஸ்டம்டியின் பெயரிடும் விதிகள் வெளியீட்டுக்கு வெளியீடு திருத்தப்பட்டதும் உண்மை. அதனால்தான் எந்த வெளியீட்டின் விதி வேண்டும் என்று பூட் வரியில் சொல்ல ஒரு வழியைப் பிறகு சேர்த்தார்கள். ஆகவே, தானாக வரும் புதிய பெயரை ஃபயர்வாலில் அப்படியே எழுதிவைப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. அதற்கு மருந்து வேறு. பின்னால் சொல்கிறேன்.

4. “பழைய பெயரையே மேக் முகவரியோடு கட்டிப்போட்டிருக்கலாமே?” கட்டிப்போட்டுத்தான் பார்த்தார்கள். சென்டோஸ் 6 ஓட்டியவர்கள் யாரும் 70-பெர்சிஸ்டென்ட்-நெட் என்ற யூடெவ் விதிக்கோப்பை மறந்திருக்க மாட்டார்கள். முதல் பூட்டில் கண்ட கார்டின் மேக் முகவரியை எடுத்து, “இதுதான் ஈத்0” என்று அந்தக் கோப்பில் யூடெவ் எழுதிவைத்துக்கொள்ளும்.

விர்ச்சுவல் மெஷின்கள் பெருகியதும் இதன் வண்டவாளம் தெரிந்தது. நன்றாக அமைத்த ஒரு மெஷினை க்ளோன் செய்வார்கள். புதிய மெஷினுக்கு விஎம்வேர் புதிய மேக் முகவரி கொடுக்கும். டிஸ்கோடு நகலாகி வந்த விதிக்கோப்பிலோ ஈத்0 என்ற பெயர் பழைய முகவரிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஆக இருக்கிற ஒரே கார்டு ஈத்1 ஆகிவிடும். ஈத்0 இருப்பதாகத் தெரியவில்லை என்று பூட் திரையில் ஒரு வரி, நெட்வொர்க் இல்லை. ஒரே கார்டு உள்ள மெஷினில் ஈத்0 எங்கும் பொருந்தும் என்ற வாதம் நொறுங்கிய இடம் இது. க்ளோன் செய்யும் முன் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும் என்பது அந்த ஆண்டுகளில் கைப்பழக்கமே ஆகிப்போனது.

இன்னும் ஆழமான கோளாறு ஒன்றும் இருந்தது. ஈத்1 என்று வந்ததை ஈத்0 ஆக்க யூடெவ் முயலும் அதே நேரத்தில், கெர்னல் வேறொரு கார்டுக்கு ஈத்0 கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே பட்டியலில் பெயர் எழுதும்போது வரும் மோதல் அது. பாதியில் சிக்கி, “ரீநேம்3” போன்ற பெயரோடு அந்தரத்தில் நின்ற கார்டுகளைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கெர்னல் பயன்படுத்தும் பெயர்க் குடும்பத்துக்குள்ளேயே நாமும் பெயர் வைக்கக் கூடாது என்ற பாடம் இப்படிக் கிடைத்தது. இன்று நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 போட்டுவிட்டு, மேக் முகவரிக்கு ஈத்0 என்று தாங்களே விதி எழுதுகிறவர்கள் அதே குழியில்தான் மறுபடி இறங்குகிறார்கள்.

5. டிஸ்கில் ஏற்றுக்கொண்டதை நெட்வொர்க் கார்டில் ஏன் மறுக்கிறீர்கள்? எதிர்த்தரப்பிடம் நான் கேட்கும் முக்கியக் கேள்வி இது.

ஐடிஇ டிஸ்க் காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், எச்டிபி அதே கேபிளின் ஸ்லேவ், எச்டிசி இரண்டாவது கேபிளின் மாஸ்டர். எச்டிபி இடத்தில் டிஸ்க் இல்லாவிட்டால் அந்தப் பெயர் காலியாகக் கிடக்கும்; எச்டிசி முன்னால் நகர்ந்து எச்டிபி ஆகாது. அது இடத்தின் பெயர். பிறகு லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் அடுக்கு வந்தது, எல்லா டிஸ்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று கண்டுபிடித்த வரிசைக்கு மாறின. ஃபெடோராவில் இது 2007-இல் ஏழாவது வெளியீட்டோடு நடந்தது. அன்றைக்கு அடித்த அடியில்தான் எஃப்ஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ1 என்று எழுதுவதை விட்டுவிட்டு யூயூஐடி எழுதக் கற்றுக்கொண்டோம். 32 ஹெக்ஸ் இலக்கமும் 4 கோடுகளும் கொண்ட அந்தச் சரத்தை நீளம் என்று யாரும் குறை சொல்வதில்லை. ஏன்? ரூட் ஃபைல்சிஸ்டம் ஏறாமல் போன அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. தேவை புரிந்தபிறகு நீளம் ஒரு பொருட்டாகவில்லை.

ஆனால் எஃப்ஸ்டேப்புக்கு வெளியே பழக்கம் மாறவில்லை. தானியங்கி நிறுவலுக்கான கிக்ஸ்டார்ட் கோப்புகளில் இன்னமும் எஸ்டிஏ என்று எழுதுகிறார்கள். யூஎஸ்பி பென்டிரைவிலிருந்து பூட் செய்யும்போது பென்டிரைவே எஸ்டிஏ ஆகி, உள்ளே உள்ள டிஸ்க் எஸ்டிபி ஆவது சர்வ சாதாரணம். சேமிப்பு நெட்வொர்க்கோடு இணைந்த சர்வரில், வேறொரு அமைப்பின் டேட்டா இருக்கும் டிஸ்கே எஸ்டிஏ என்று தோன்றலாம். “எஸ்டிஏ-வை அழித்து நிறுவு” என்ற வரிக்கு அங்கே என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். டிடி கட்டளைக்கு “உறுதியாகவா?” என்று கேட்கும் பழக்கம் இல்லை. அதே டெவ் அடைவின் கீழே தயாரிப்பாளர் கொடுத்த தொடர் எண்படி ஒரு பட்டியல், இணைந்திருக்கும் இடத்தின்படி ஒரு பட்டியல், யூயூஐடிபடி ஒரு பட்டியல் என்று மூன்றையும் யூடெவ் தயாராக வைத்திருக்கிறது. பார்க்காமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

6. “என் மெஷினில் ஒன்றுதான் இருக்கிறது, எனக்கு எதற்கு இதெல்லாம்?” இன்றைக்கு ஒன்று. ராஸ்பெர்ரி பை 3 போர்டில் 2016-இலிருந்து வைஃபை உள்ளேயே வருகிறது. ரேஞ்ச் போதவில்லை என்று ஒரு யூஎஸ்பி வைஃபையைச் செருகினால் டபிள்யூலான்0, டபிள்யூலான்1 என்று இரண்டாகிவிடும். எது எது என்பது பூட்டைப் பொறுத்தது. ஒன்றில் இணையம் வாங்கி மற்றதில் ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்கள் இங்கே மாட்டாமல் இருப்பது அரிது.

லினக்ஸை விட்டு விண்டோஸுக்குப் போனாலும் இதே கதைதான். எடைமேடையை யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக பில்லிங் கம்ப்யூட்டரில் இணைத்திருப்பார்கள். மென்பொருளில் காம்3 என்று பதிந்திருக்கும். மேசையைத் துடைத்தவர் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகுகிறார். மலிவான சீரியல் சிப்புகள் பலவற்றில் தொடர் எண் கிடையாது. தொடர் எண் இல்லாவிட்டால் விண்டோஸ் துளையைத்தான் அடையாளமாகக் கொள்ளும். துளை மாறியதால் இது புதிய சாதனம், புதிய எண் காம்4. எடை வருவது நின்றுவிடும். கேபிள் பழுது என்று புதிய கேபிள் வாங்கி, அதன் சிப் வேறாக இருந்தால் அது காம்5 ஆகும். காம்3 எங்கும் போகவில்லை, இல்லாத சாதனத்தின் பெயரில் ரெஜிஸ்ட்ரியில் ஒதுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. நெட்வொர்க் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிவிட்டு அதே ஐபி முகவரியைக் கொடுத்தால், அந்த முகவரி கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடாப்டரிடம் இருக்கிறது என்று விண்டோஸ் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

ஜிபியு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கார்டுகளைப் பிசிஐ பஸ் வரிசையில் காட்டும். குடா நிரல்களோ, நாம் வேறாகச் சொல்லாவிட்டால், வேகமான கார்டை 0 என்று கொள்ளும். வெவ்வேறு மாடல் கார்டுகள் உள்ள மெஷினில் திரையில் காலியாகத் தெரியும் 1-ஐப் பார்த்து வேலையை 1-க்கு அனுப்பினால், அது வேறொருவரின் பயிற்சி ஓடும் கார்டில் போய் விழலாம். கார்டின் யூயூஐடியைக் கொடுத்தால் குடா அதையும் ஏற்கும். கொடுப்பவர்கள்தான் குறைவு.

கிளவுடில் வன்பொருளே கண்ணில் படாதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமேசானின் நைட்ரோ வகை மெஷின்களில் ஒரு வால்யூமை எஸ்டிஎஃப் என்று சொல்லி இணைத்தாலும் உள்ளே அது என்விஎம்இ பெயரோடுதான் தோன்றும், அந்த எண் கண்டுபிடித்த வரிசை. வால்யூமின் உண்மையான அடையாளம் சாதனத்தின் தொடர் எண் என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும். வரிசையை நம்பாதே என்று அமேசானே தன் ஆவணத்தில் சொல்கிறது. கன்டெய்னருக்குள் தெரியும் ஈத்0 மட்டும் விதிவிலக்கு. அது எண்ணி வந்ததில்லை, நெட்வொர்க்கை அமைத்த மென்பொருள் வேண்டுமென்றே வைத்த பெயர். அங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை.

7. சிஸ்டம்டி திணித்ததா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1990-களின் சோலாரிஸில் டிஸ்கின் பெயரே கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க், ஸ்லைஸ் என்று இடத்தைச் சொல்லும். எந்த இடத்தில் கண்ட சாதனத்துக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்து அடுத்த பூட்டிலும் சோலாரிஸ் அதையே கொடுத்தது. லினக்ஸில் முதலில் முனைந்தது டெல் நிறுவனம். சர்வரின் பின்பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்ட துளைகளுக்கும் கெர்னல் கொடுத்த ஈத் எண்களுக்கும் பொருத்தம் இல்லை என்பதால் அவர்கள் பயாஸ்டெவ்நேம் என்ற கருவியை எழுதினார்கள். அது 2011-இல் ஃபெடோரா 15-இல் வந்தது. புதிய பெயர்களைக் கொண்டுவந்த சிஸ்டம்டியின் 197-ஆவது வெளியீடு 2013-இல்தான். தேவை முன்பே இருந்தது.

8. நீளம் பற்றிய புகாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினால் மிச்சம் வந்துவிடும். கெர்னல் ஒரு இடைமுகத்தின் பெயருக்குத் தரும் இடமே 15 எழுத்துதான். அதற்கும் மேல் வேண்டுமென்றால் 2020-இல் வந்த 5.5 கெர்னலிலிருந்து ஒரே கார்டுக்கு மாற்றுப் பெயர்களும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைப் பெயராகக் கொள்வது? ஒரு சாதனத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அது எது? எங்கே இருக்கிறது? எத்தனையாவதாக வந்தது? முதல் கேள்விக்குப் பதில் மேக் முகவரியும் தொடர் எண்ணும் யூயூஐடியும். இரண்டாவதற்குப் பதில் ஸ்லாட்டும் துளையும். மூன்றாவது கேள்விக்குப் பதில் எண்ணிக்கை பார்ப்பதற்கு மட்டும் உதவும்.

முதல் இரண்டில் எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது, இரண்டுக்கும் குறை உண்டு. பழுதான நெட்வொர்க் கார்டைக் கழற்றி அதே ஸ்லாட்டில் புதியதைச் செருகினால், மேக் முகவரியை நம்பிய கான்ஃபிக் உடையும், ஸ்லாட்டை நம்பியது ஓடும். டேட்டா உள்ள டிஸ்கை வேறு துளைக்கு மாற்றினால் நேர் எதிர். டிஸ்கை அப்படியே நகலெடுத்தால் யூயூஐடியும் நகலாகும். இரண்டையும் ஒரே மெஷினில் ஏற்ற முயன்றால் எக்ஸ்எஃப்எஸ் மறுத்துவிடும், அப்படி மறுப்பதே சரி. மதர்போர்டு தயாரித்தவர் பயாஸ் அட்டவணையில் எழுதும் துளை எண்ணும் சில நேரம் தப்பாக இருக்கும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். டிரைவர்களின் ஓட்டத்தில் யார் முந்தினார் என்பதைத் திருத்த வழியே இல்லை.

ஆகவே சர்வர் பார்க்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு உள்ள மெஷினில், சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் கார்டு ஒன்றுக்கு ஒரு லிங்க் கோப்பு எழுதுங்கள். பொருந்த வேண்டியது கார்டின் நிரந்தர மேக் முகவரி அல்லது அதன் இடம். கொடுக்க வேண்டிய பெயர் வான்0, லான்0 என்று அது செய்யும் வேலை. மொத்தம் நான்கு வரி. ஈத் என்று தொடங்கும் பெயரை மட்டும் வைக்காதீர்கள், அது கெர்னலின் பட்டியல். நூறு மெஷினில் ஓட வேண்டிய ஒரே ஸ்கிரிப்ட் என்ற உங்கள் நியாயமான தேவையும் இதில் நிறைவேறும், ஏனென்றால் எல்லா மெஷினிலும் லான்0 என்பது உள் பக்கம்தான் என்று தீர்மானித்தது நீங்கள். டிஸ்கை அழிக்கும் எந்த ஸ்கிரிப்டிலும் எஸ்டிஏ என்ற சொல் இருந்தால் இன்றே எடுத்துவிட்டுத் தொடர் எண்ணைப் போடுங்கள். பூட் வரியில் நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 இருக்கும் ஃபயர்வால் உங்கள் பொறுப்பில் இருந்தால், லிங்க் கோப்புகளை எழுதி, பழைய பெயர் வரும் இடங்களையெல்லாம் மாற்றிவிட்டு, அடுத்த பராமரிப்பு நேரத்தில் அந்த வரியை நீக்குங்கள். மின்தடை வரும்வரை காத்திருக்காதீர்கள்.